லூவின் கையெழுத்து

திருப்புளி அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவர் ஆளை அளந்துதான் வைத்திருக்கிறார். வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் பழைய கிட்டார் வாங்கி விற்பவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் கிட்டாரை மடியில் வைத்து, கம்பியை நாலு தட்டுத் தட்டி, புருவத்தைச் சுருக்கி, கண்ணை மூடி ஏதோ தியானம் செய்து, அப்புறம் ஒரு விலை சொல்வார்கள். அக்கா வாசிக்கவே மாட்டாள். வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான். திருப்புளியை எடுத்துக் கழுத்தின் அடியில் இருக்கும் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றுவாள். கழுத்து வேறு, உடம்பு வேறாக மேஜையில் கிடந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும்.

"நீங்க வெளிய எவ்வளவு வேணா பாலிஷ் போடலாம். கழுத்துக்கு அடியில போய் யாரு பொய் சொல்லப் போறாங்க?" என்பாள்.

கழுத்தின் அடிக்கட்டையில் குத்திய முத்திரை, அது வந்து உட்காரும் பள்ளத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கிய எண், பெயின்ட் படாத மரத்தின் நிறம், பழைய வார்னிஷின் வாசனை என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பிறகு ஒரே ஒரு விலை. அதைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். "சொன்னா சொன்னதுதான்" என்று அவள் சொல்லிவிட்டால், தெருவில் மற்ற கடைக்காரர்களே அந்த விலையை ஒப்புக்கொள்வார்கள். வெளியில் அவளைக் கிண்டல் செய்தாலும், தங்களுக்குச் சந்தேகம் வந்த சாமானை மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி சுற்றி அவளிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இந்தக் கண் அவளுக்குக் கிட்டாரில் வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டவள். கண்ணாடிக் காலின் உள்பக்கம் எறும்பு மாதிரி எழுதியிருப்பதைப் படித்துப் படித்து, எது எங்கே செய்தது, எது வேறெங்கோ செய்து இங்கே பெயர் ஒட்டியது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அந்த மனுஷர் லிஃப்டை விட்டுவிட்டுக் கிட்டார் ரிப்பேரில் இறங்கியபோது வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும், "லிஃப்ட் நின்னா ஜனம் திட்டும், கிட்டார் நின்னா யாரும் திட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கூடவே கடையில் வந்து உட்கார்ந்தாள். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் அவளும் மேஜையும் சுவர் முழுக்கக் கிட்டார்களும். உள்ளறையில் அவர், சாலிடர் புகையும் ஒரு பழைய மேஜை விசிறியுமாக. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. அவர்களுக்குள் பெரிய குறை ஒன்றும் இல்லை. உள்ளறையிலிருந்து அவர் அடிக்கும் கிண்டல் மட்டும் நிற்காது.

லூவும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு பேஸ் கிட்டாரின் கழுத்துப் பள்ளத்தில் பென்சிலால் எல், யூ என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது. கழுத்து சந்தேகமில்லாமல் வெளிநாட்டுச் சரக்கு. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தேதி முத்திரை மரத்தில் பளிச்சென்று இருந்தது. அந்தக் காலத்தில் ஃபாக்டரியில் சாமானைச் சரிபார்ப்பவர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் போடுவது உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். ஆக, லூ என்று ஒருத்தி. கண்ணாடி போட்ட, மெலிந்த, சிரிக்காத அம்மா என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். "லூ பாஸ் பண்ணின சாமான்" என்று அதை மூவாயிரம் வெள்ளிக்கு விற்றாள். அதன் பிறகு வீட்டில் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால்கூட அவள் கணவர், "லூ பாஸ் பண்ணிட்டா" என்பார்.

அந்த பேஸை வாங்கியவர் ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் மாலை நேரத்தில் வாசிக்கும் ஆள். கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பார், அதனால் தெருவில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் போன் செய்தார்.

"அக்கா, பேஸ வித்துடலாம்னு இருக்கேன்."

"ஏன் தம்பி, என்ன ஆச்சு?"

"ஹோட்டல்ல எங்களத் தூக்கிட்டு ஸ்பீக்கர் பெட்டி வெச்சுட்டாங்க. அது டீ கேக்காது, லீவு கேக்காது. பரவால்ல, எனக்கும் அலுத்துப் போச்சு. என் மச்சினி லாண்டரி வெக்கிறாங்க, ரெண்டு மெஷின் என் பங்கு. சனிக்கிழமைக்குள்ள நாலாயிரம் கட்டணும். வருமா?"

"நாலாயிரத்து இருநூறு. எடுத்துட்டு வாங்க."

போனை வைத்ததும் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "கழட்டாமலே விலை சொல்லிட்டியா? மழை வரப் போகுது."

"பன்னெண்டு வருஷம் முன்னாடி நான் கழட்டினதுதானே? லூ எங்க ஓடிடப் போறா?"

வாங்க ஆளும் தயாராக இருந்தது. பழைய பேஸ்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பல் டாக்டர். அக்கா ஒரு தாளில் இன்ன ஊர், இன்ன வருஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபேச்சில்லாமல் வாங்குகிறவர். புதன்கிழமை நான்கு மணிக்கு வருகிறேன் என்றார்.

புதன் காலை தூங்குமூஞ்சி பேஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெஷின் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்குக் கடையில் புது அலமாரித் தட்டு அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வந்திருந்த தச்சருக்கு அறுபது வயது இருக்கும். காதில் பென்சில், வாயில் ஆணி. ஆணி இல்லாத நேரத்தில் பேச்சு. அக்கா டாக்டருக்குத் தாள் எழுதுவதற்காக பேஸின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, கழுத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பள்ளத்தில் டார்ச் அடித்தாள். எல், யூ. பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது.

டேப்பை எடுக்க மேஜைப் பக்கம் வந்த தச்சர் எட்டிப் பார்த்தார்.

"அட, டபுளா இது?"

"என்னது டபுள்?"

"பலகைதான் அக்கா. ரெண்டு பலகைய ஒட்டினா டபுள், ஒத்தப் பலகைன்னா சிங்கிள். அதான் எழுதியிருக்கே, டப-ன்னு."

அக்கா திரும்பப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் கண்ணுக்கு ஆங்கில 'எல்' ஆக இருந்தது, ஒரு நொடியில் தமிழ் 'ட' ஆகிவிட்டது. 'யூ'வாக இருந்தது 'ப' ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு முறைத்துப் பார்த்தும் அது 'எல்' ஆக மாற மறுத்தது. ஐந்து வயதில் சிலேட்டில் எழுதிப் படித்த எழுத்து. வெளிநாட்டுக் கிட்டாருக்குள் அது இருக்கும் என்று எவளுக்குத் தோன்றும்? அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க எப்படிச் சொல்றீங்க அண்ணே? ஒட்டுப் பலகை வெளிநாட்டுலயும் உண்டு."

"ஒட்டு உண்டு, டப உண்டா?" என்று சிரித்தார் தச்சர். "எங்க பட்டறை வழக்கம் இது. பாலிஷ்காரன் பாத்து ஒட்டுக் கோட்டுல பட்டி வெக்கணும்ல, அதுக்காக மூடிப் போற எடத்துல எழுதுவோம். அப்போல்லாம் கப்பல்ல வந்த கிட்டார் தண்ணி பட்டு உடம்பு உப்பிடும். கழுத்து நல்லா இருக்கும். மேஜை நாற்காலி வேலைக்கு நடுவுல புது உடம்பு செஞ்சு குடுப்போம். நான் அப்ப இழைப்புளி பிடிக்கக் கத்துக்கிட்டிருந்தேன், இதெல்லாம் பெரியவங்க செய்வாங்க."

சத்தம் கேட்டு அவள் கணவர் உள்ளறையிலிருந்து வந்தார். முன்பக்கத் தகட்டைக் கழற்றி, ஒயர்களுக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய தாமிரத் தாளின் ஒரு மூலையைப் பிளேடால் மெல்லத் தூக்கினார். பெயின்ட் படாத மரத்தில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில், சின்னப் பிள்ளைகூடப் படிக்கும்படி, "மேல்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"லூசியும் இல்ல, லூயிஸும் இல்ல," என்றாள். "நான்தான் லூசு."

கணவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இந்தத் தெருவில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொத்து, அவள் வார்த்தை. அது பன்னிரண்டு வருஷமாக ஒரு தப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, கழற்றாமல் போனில் ஒரு விலையையும் சொல்லியாகிவிட்டது. அதை நம்பி ஒருத்தர் மெஷின் பார்க்கப் போயிருக்கிறார்.

"டாக்டருக்குத் தெரியவா போகுது?" என்றார் தச்சர், அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல். "நான் ஒண்ணும் பாக்கல அக்கா. எனக்குக் கண்ணும் சரியில்ல."

"எனக்குத் தெரியும்ல அண்ணே," என்றாள் அக்கா.

நான்கு மணிக்கு டாக்டரும் தூங்குமூஞ்சியும் படியிலேயே சந்தித்துக்கொண்டு சேர்ந்தே வந்தார்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. கழுத்து அசல், கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பும் ஒயரும் அசல், உடம்பு இந்த ஊரில் செய்தது, பன்னிரண்டு வருஷமாக நான் சொன்னது தப்பு என்று டார்ச் அடித்துக் காட்டினாள். தூங்குமூஞ்சியின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மேடம்."

"அதனாலதான் சொன்னேன் டாக்டர்."

"லோக்கல் உடம்புன்னா எனக்கு வேண்டாம். ஒரு ஆயிரத்து ஐநூறுன்னா கழுத்துக்காக யோசிப்பேன்." அக்கா வேண்டாமென்று தலையசைக்கவும் அவர் கீழே இறங்கிப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் அடங்கியதும் அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து வைத்தாள். அது முன்பக்கத்துக்குக் கண்ணாடி ஷோகேஸ் போட எடுத்து வைத்திருந்த பணம்.

"நாலாயிரத்து இருநூறு. எண்ணிக்கோங்க தம்பி."

தூங்குமூஞ்சி உறையைத் திருப்பித் தள்ளினார். "என்னக்கா விளையாடுறீங்க? ரெண்டாயிரம் பெறுமா இது? அதுக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன்."

"நான் சொன்ன விலை நாலாயிரத்து இருநூறு."

"சாமான் மாறிடுச்சே!"

"சாமான் மாறல, நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்."

"பன்னெண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டுருக்கு. நான் குடுத்த மூவாயிரம் எப்பவோ எடுத்தாச்சு. ரெண்டாயிரம், முடிஞ்சது."

"நாலாயிரத்து இருநூறு."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ரெண்டாயிரத்து ஐநூறு."

விற்கிறவர் விலையைக் குறைக்கிறார், வாங்குகிறவள் இறங்க மாட்டேன் என்கிறாள். தச்சர் வாயிலிருந்த ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரசித்துப் பார்த்தார். முப்பது நாற்பது வருஷம் பேரம் பேசியவர், இப்படித் தலைகீழாக ஒன்றைப் பார்த்ததில்லை.

கடைசியில் அக்காவின் குரல் உடைந்தது. "தம்பி, உங்களுக்காகக் குடுக்கல. சொன்ன விலைய நானே குறைச்சேன்னா நாளைக்கு இந்தத் தெருவுல என் வார்த்தைய யாரு வாங்குவாங்க? தப்பு என்னோடது. அதுக்கு உங்க மெஷின ஏன் பிடுங்கணும்?"

உள்ளறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "வாங்கிக்கோங்க தம்பி. வாங்கலன்னா இவ ஒரு மாசம் தூங்க மாட்டா. அதுகூடப் பரவால்ல, என்னையும் தூங்க விட மாட்டா."

தூங்குமூஞ்சி உறையை எடுத்தார். பிறகு எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்து, பேஸின் உடம்பை ஒரு தரம் தடவிக் கொடுத்தார். "எத்தனை பேருகிட்ட பெருமையா சொல்லியிருக்கேன், இது எங்கிருந்து வந்ததுன்னு!" என்று சிரித்தார். "இனிமே உங்க துணியெல்லாம் எங்ககிட்டதான் வரணும் அக்கா. காசு வாங்க மாட்டேன்." படியிறங்கும்போது அவர் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போனது மேலே கேட்டது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

கழுத்தைத் திரும்ப மாட்டும் முன் அவள் தச்சரின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினாள். 'ப'வுக்கு ஒரு கொக்கி போட்டு 'பு'வாக்கி, பக்கத்தில் ஒரு 'ள' எழுதிப் புள்ளி வைத்தாள். டபுள். இனிமேல் எவளும் அதை வேறு விதமாகப் படிக்க முடியாது. நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினாள். பிறகு சுவரில் மாட்டுவதற்கு விலைச்சீட்டு எழுதினாள். கழுத்து: வெளிநாடு. உடம்பு: உள்ளூர். விலை: இரண்டாயிரம்.

தச்சர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே சீட்டைப் படித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா அக்கா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"காலைல நாலாயிரத்து இருநூறு. இப்ப ரெண்டாயிரம். மரம் அதேதான், ஒட்டு அதேதான், அந்தத் தம்பி வாசிச்ச சத்தமும் அதேதான். எங்க பட்டறைல செஞ்சதுன்னு தெரிஞ்சதால மட்டுமா பாதியாச்சு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பழமைக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை, சேர்த்து வைப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவள்தான். ஆனால் அந்த மனுஷரின் கையைப் பார்த்தாள். நகத்துக்குள் மரத்தூள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமா அண்ணே," என்றாள். "அதனாலதான்."

தச்சர் தலையாட்டிவிட்டுப் பையை மூடினார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் அது போதவில்லை.

"உக்காருங்க," என்றாள். "இப்ப இதே மாதிரி ஒரு உடம்பு செய்யச் சொன்னா என்ன கேப்பீங்க?"

அவர் பேஸை வாங்கி எடை பார்த்தார், ஓரத்தை விரலால் வருடினார், பின்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "மரம், நாலு நாள் கூலி, பாலிஷ் எல்லாம் சேத்து ஆயிரத்து நூறு. ஆனா இவ்வளவு வருஷம் ஒட்டு விடாம நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இது நின்னுருக்கு."

அக்கா கணக்குப் போட்டாள். கழுத்துக்கு ஆயிரத்து நானூறு. பிக்கப்புக்கும் ஒயருக்கும் அறுநூறு. உடம்புக்கு ஆயிரத்து நூறு. சற்று முன் எழுதிய சீட்டில் உடம்புக்குத் தான் ஒன்றுமே போடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெறும் கழுத்தையும் ஒயரையும் கூட்டி, உடம்பை இலவசமாகக் கொடுத்திருக்கிறாள்! சீட்டைக் கிழித்தாள். புதுச் சீட்டில் மூவாயிரத்து நூறு என்று எழுதினாள். சொன்ன விலையை அவள் மாற்றியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"லோக்கல்னு எழுதிட்டு இந்த விலை போட்டா ரெண்டாயிரத்துக்கு மேல எவனும் கேக்க மாட்டான்," என்றார் கணவர், சாலிடர் துடைத்த கையோடு வாசலில் நின்று.

"கேக்கறவங்க வர்ற வரைக்கும் தொங்கட்டும். தீனியா கேக்குது?"

ஐந்து மாதம் தொங்கியது. தெருவில் கதை பரவி, மற்ற ஆறு கடைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சீட்டைப் படித்துவிட்டு, "லூ எப்படி இருக்காங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்கா அசடு வழிந்தாள், கூடச் சேர்ந்து சிரித்தாள். கிண்டல் செய்தவர்கள் மறுவாரமே துணி சுற்றிய சாமானோடு வந்து நின்றதுதான் வேடிக்கை. கொஞ்சம் அதிகமாகவே வந்தார்கள். அவளும் முன்னைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக டார்ச் அடித்தாள். எந்தக் கிறுக்கலைப் பார்த்தாலும் முதலில் தமிழில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பாஷைக்குப் போனாள். ஷோகேஸ் இல்லாமலே கடை ஓடியது. துணிகள் இலவசமாக வெளுத்து வந்தன. கணவர் சட்டையில் சாலிடர் கறைகூடப் போயிருந்தது. அவளுக்கு அந்த மாதங்கள் நல்ல மாதங்களாகவே இருந்தன.

ஒரு சனிக்கிழமை காலையில், டியூட்டி முடிந்து அதே உடுப்போடு ஒரு நர்ஸ் மேலே வந்தாள். நாற்பது வயது இருக்கும். நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கிறாளாம், இரவல் பேஸ் அலுத்துவிட்டதாம். சுவரில் இருந்தவற்றில் நாலைந்தை வாசித்துப் பார்த்தாள். இதை மடியில் வைத்ததும் வேறு எதையும் கேட்கவில்லை. கால் மணி நேரம் அவள் பாட்டுக்கு வாசித்தாள். உள்ளறையில் விசிறி நின்றது. கணவர் அதை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

நர்ஸ் சீட்டைப் படித்தாள். மறுபடி ஒரு தரம் படித்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கொஞ்சம் குறைச்சுக்கலாமா? உடம்பு லோக்கல்னு போட்டிருக்கீங்களே."

"லோக்கல்தான்மா," என்றாள் அக்கா. "அதையும் சேத்துதான் இந்த விலை."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள், மடியில் இருந்த பேஸைப் பார்த்தாள். அப்புறம் கைப்பையைத் திறந்தாள்.